தைலம்மாள் மலைக்குக் கொண்டுபோன காற்று

தைலம்மாள். பிறப்பு 1978, தியாகதுருகம். கணவர் பழனி. மகள் ஒருத்தி, எழில்மதி. தொழில்: கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் சாலையடியில் பஞ்சர் கடை. உடைமை: மின்சாரத்தில் ஓடும் கம்ப்ரசர் ஒன்று, பழைய லாரிச் சக்கரம் ஒன்று, இரு முனையிலும் பிடிப்பான் வைத்த ரப்பர் குழாய் ஒன்று. குழாய் அவரே செய்தது.

இவ்வளவும் குடும்பப் பதிவேட்டில் உள்ளவை. கட்டங்களுக்குள் அடங்காமல் போனது எழில்மதியின் திருமண நாள் மட்டுமே.

2022, ஆவணி, வெள்ளிக்கிழமை. முகூர்த்தம் ஒன்பது முதல் பத்தரை வரை. அதற்குமேல் இராகு காலம். எட்டேகாலுக்கு மாப்பிள்ளையின் தாய்மாமன் தெய்வசிகாமணி, சிக்னல் கிடைத்த ஒரு பாறைமேல் நின்று மண்டபத்துக்குப் போன் செய்தார். வெள்ளிமலையிலிருந்து பதினாறு பேரோடு இறங்கிய வேன், பாதி மலையில் ஆணி ஏறிப் படுத்துவிட்டது. மாற்றுச் சக்கரத்திலும் காற்றில்லை.

"மாப்பிள்ளைய மட்டும் பைக்ல அனுப்புங்க," என்றார் பழனி.

"இன்னாங்க பேசுறீங்க? ஒத்த ஆளா வந்து தாலி கட்டுறதுக்கு அவன் இன்னா ஓடியாந்தா கட்டிக்கிறான்?"

கம்ப்ரசரை மலைமேல் ஏற்ற முடியாது. ஏற்றினாலும் காட்டில் கரண்டு ஏது? ஆகவே காற்றை மட்டும் ஏற்றிக்கொண்டு போவதெனத் தைலம்மாள் முடிவு செய்தார். பட்டுப்புடவையை இழுத்துச் செருகி, கடைக்கு ஓடி, லாரிச் சக்கரத்தில் நூற்றுப்பத்து பவுண்டு அழுத்தம் வரை காற்றை அடைத்தார். அது போதுமென்று பழனிக்குத் தோன்றவில்லை. ஒரு டிராக்டர் டியூபை ஆளுயரத்துக்கு ஊதவைத்து, குட்டியானை சரக்கு வண்டியின் தலையில் கட்டினார்.

கடைத்தெருவில் ஒருவர் கேட்டார்: "இன்னாம்மா, மலையில காத்து இல்லன்னு இங்கேர்ந்து எடுத்துகினு போறீங்களா?"

"ஆமாய்யா, சம்மந்தி வூட்டு சீரு!"

மலையில் தைலம்மாள் ஆணியைப் பிடுங்கி ஓட்டையை அடைத்தார். தம் டியூபைத்தான் முதலில் மாட்டவேண்டுமென்றார் பழனி. குழாயின் ஒரு முனையை டியூபிலும் மறுமுனையை வேன் டயரிலும் மாட்டினார்கள். டியூப் ஒரு பெருமூச்சு விட்டது, வேன் அசையவில்லை.

"உக்காந்து அமுக்குனா ஏறும்!" என்று தெய்வசிகாமணி அதன்மேல் அமர்ந்தார். மாப்பிள்ளை தமிழழகனும் அமர்ந்தார். பட்டும் மாலையுமாகப் பதினோரு பேர் அமர்ந்தனர். டியூப் அவர்களை மேலும் கீழும் குலுக்கியது. சிரிப்பில் ஒருவர் சறுக்கி விழ, மறுபுறம் இருந்தவர்கள் எழும்பினர். வேன் டயரில் மீட்டர் வைத்துப் பார்த்தார் தைலம்மாள். ஒரு பவுண்டு.

"பதினோரு பேரு கனத்துக்கு ஒரு பவுண்டு! பெருசா இருந்தா ஜாஸ்தின்னு அர்த்தமாய்யா? அது சும்மா வீங்கிகினு கீது. இது அமுக்கி அடச்சது," என்று குழாயை லாரிச் சக்கரத்துக்கு மாற்றினார்.

காற்று சீறியது. இரண்டே நிமிடத்தில் வேன் ஒரு பக்கமாக நிமிர்ந்தது. அத்தனை பேரும் கைதட்டினர்.

லாரிச் சக்கரத்தின் வால்வைத் தொட்ட தமிழழகன் கையை உதறினார். "அத்த, ஜில்லுன்னு கீது!"

"அடைக்கசொல்ல சுடும், வுடசொல்ல குளிரும். மிச்சத்த தாலி கட்டிட்டு கேளுங்க மாப்ள, ஏறுங்க!"

கையோடு மாற்றுச் சக்கரத்துக்கும் காற்று பிடித்துக் கொடுத்தார். மணி ஒன்பதரை. அத்தனை வளைவிலும் வேனின் பின்னால் அந்த டியூப் குட்டியானையின் தலையில் துள்ளிக்கொண்டே இறங்கியது.

பத்து இருபத்து நான்குக்குத் தாலி ஏறியது. மணப்பெண்ணின் தாயுடைய இரு கையிலும் டயர்க் கறுப்பு. புகைப்படங்களில் தெளிவாகத் தெரிகிறது.

லாரிச் சக்கரம் கடை வாசலில் நிற்கிறது. அன்று அதில் மிஞ்சியது எண்பது பவுண்டு. அதைத் திறந்துவிடத் தைலம்மாள் இன்றுவரை எவரையும் அனுமதிக்கவில்லை. ஒவ்வோர் ஆவணியிலும் மருமகன் வந்து மீட்டர் வைத்துப் பார்க்கிறார். பதிவேட்டில் அதற்கும் ஒரு கட்டம் போடப்பட்டுள்ளது. சென்ற முறை அறுபத்தொன்று.

காற்று அடைபட்டிருக்கும் ஆண்டுகள்: மூன்று.