பதினோரு நாள் மேனேஜிங் டைரக்டர்

ஐம்பத்தொன்றாவது வயதில் நான் மேனேஜிங் டைரக்டர் ஆனேன். பதவி பதினோரு நாள் நீடித்தது. கம்பெனிதான் இல்லை. விசிட்டிங் கார்டு இருந்தது, ஐந்நூறு, நல்ல கெட்டி அட்டையில், ஓரத்தில் தங்கக் கோடு போட்டு. மயிலாப்பூர் அச்சுக்கடைக்காரர், "கம்பெனி ரெஜிஸ்டர் ஆயிடுச்சா சார்?" என்றார். "ப்ராசஸ்ல இருக்கு" என்றேன். பெருங்குடியில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்து நான் முழுதாகக் கற்றுக்கொண்ட வாக்கியம் அது ஒன்றுதான்.

அந்த அலுவலகம் ஒரு பூங்கொத்தைக் கையில் கொடுத்து என்னை வீட்டுக்கு அனுப்பியிருந்தது. அந்த வருடம்தான் பால்கனி கம்பியைச் சரிசெய்ய ஒரு வெல்டர் வந்தார். பாலவாக்கத்துக்காரர், என் வயதுதான். கூடத்தில் எங்கள் கொலுப்படியைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். இரண்டு டிரங்குப் பெட்டி, ஒரு டீப்பாய், மகளின் பழைய நுழைவுத்தேர்வுப் புத்தகங்கள், எல்லாவற்றையும் மூடி ஒரு வேட்டி. கடை விரித்து உட்கார்ந்திருந்த செட்டியார் பொம்மை அரிசி மூட்டையோடு ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது.

"இன்னா சார் இது, சாமிங்க எல்லாம் பயந்துகினு குந்திக்கீது" என்றார்.

அடுத்த வாரம் சதுரக் குழாயில் மடக்கி வைக்கிற ஏழு படி ஒன்றைச் செய்துகொண்டு வந்தார். வெற்றிலை பாக்குக்கு வந்த மாமிகள் பொம்மையைப் பார்க்கவில்லை, படியைப் பார்த்தார்கள். "வாடகைக்குக் கிடைக்குமா?" என்று பதினேழு வீட்டுக்காரர்கள் கேட்டார்கள். வெல்டருக்கு ஒரு யோசனை கூடவே ஓடியது. அவர் கத்தோலிக்கர். "நவராத்திரி முடிஞ்சா இன்னா சார், அதே படிய கிறிஸ்மஸுக்குக் குடில் வைக்கக் குடுக்கலாம்." கொண்டுபோய் மாட்டுவது, பிறகு போய்க் கழற்றிக்கொண்டு வருவது. அவர் செய்வார், நான் ஆர்டர் பிடிப்பேன். அழகான தொழில்.

அதைக் கெடுத்தது என் காலை நடை. பூங்காவில் கூட நடப்பவர் ஒருவர், "பார்ட்னர்ஷிப்பா? பார்ட்னர் கடன் வாங்கிட்டு ஓடிட்டா உங்க வீட்டுக்குத்தான் வருவான்" என்று சொல்லிவிட்டு, கை வீசி நடையைத் தொடர்ந்தார். என்னால் அடுத்த சுற்று நடக்க முடியவில்லை. எங்களுக்கு என்று இருப்பது மயிலாப்பூரில் இரண்டாவது மாடியில் ஒரு ஃபிளாட், என் பெயரிலும் மனைவி பெயரிலும். கொலுப்படி வாடகையில் அது போய்விடுவதை ஏலம்வரை கற்பனை செய்து பார்த்தேன். ஏலத்தில் கூட்டமே இல்லை என்பதும் தனியாக வலித்தது.

பிரைவேட் லிமிடெட் என்றால் வீட்டைத் தொட முடியாது என்று போனில் படித்தேன். அன்று மாலையே கார்டு அடிக்கக் கொடுத்தேன். மனைவி கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நம்மாத்து செட்டியார் எத்தனை வருஷமாக் கடை வெச்சுண்டு உக்காந்திருக்கார். அவருக்கு யார் கம்பெனி ரெஜிஸ்டர் பண்ணினா?"

"அவருக்கு ஃபிளாட் இல்லை" என்றேன்.

வெல்டரிடம் சொல்லாமல் தி.நகரில் ஓர் ஆடிட்டரைப் பார்க்கப் போனேன். புடவைக் கடைக்கு மேலே மாடியில் அலுவலகம். என்னைவிடப் பதினைந்து வயது இளைய பெண்மணி. என் கார்டை வாங்கி மேஜையில் குப்புற வைத்தார்.

"வெளியாள் யாராவது முதல் போட்டுப் பங்கு கேக்கறாங்களா?"

"இல்ல."

"வருஷா வருஷம் கணக்குத் தணிக்கை, போர்டு மீட்டிங், மினிட்ஸ். மீட்டிங் எங்க நடத்துவீங்க?"

"டைனிங் டேபிள்ல."

"லோன் எடுத்தா பேங்க்ல உங்க சொந்தக் கையெழுத்தும் கேப்பாங்க சார். போட்டுட்டா கம்பெனிங்கற சுவர்ல நீங்களே கதவு வெச்ச மாதிரி. உங்களுக்கு எதுக்கு பிரைவேட் லிமிடெட்?"

"பயமா இருக்கு மேடம்."

"பயத்தை எல்லாம் ரெஜிஸ்டர் பண்ண முடியாது."

அடுத்து நான் கேட்டதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். என் ஒருவன் பெயரிலேயே நடத்திவிட்டு, வெல்டருக்குக் கூலி கொடுத்தால் என்ன என்றேன். "தனி ஆளா நடத்தறது சுலபம்தான், ரெஜிஸ்ட்ரேஷன் செலவே கொஞ்சம். நஷ்டமும் முழுசா உங்க தலைலதான். அது இருக்கட்டும், படியைச் செய்யத் தெரிஞ்சவர் அவர். அவர் பங்காளியா, கூலியாளான்னு அவரையே கேளுங்க" என்றார். பார்ட்னர்ஷிப் பற்றியும் சொன்னார். ஒருவர் நிறுவனத்தின் பெயரில் வாங்கும் கடனுக்கு இன்னொருவர் வீடும் பொறுப்பு. இவர் செய்தால் அவருக்கும், அவர் செய்தால் இவருக்கும். அதில் பாதி மட்டும் என் காதில் விழுந்தது. எந்தப் பாதி என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்த முறை மனைவிகளையும் சேர்த்து நான்கு பேராகப் போனோம். வெல்டரின் மனைவி கடற்கரைச் சாலையோரம் மீன் விற்பவர். வியாபாரத்தை முடித்துக்கொண்டு, கையில் துணிப்பையோடு நேராக வந்திருந்தார். நான் வெல்டரின் முகத்தைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, பக்குவமாகப் பேச்சைத் தொடங்கினேன். "ஒரு வேளை, ஒரு பேச்சுக்கு, நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தர்…"

அந்த அம்மாள் காத்திருக்கவில்லை. ஆடிட்டரிடம் திரும்பி, "நான் நேராவே கேக்குறேம்மா. இந்த சாரு கடன ஒடன வாங்கிக்கினு ஓடிட்டார்னா, எங்க வூட்ட எடுத்துப்பாங்களா?" என்றார்.

நான் மின்விசிறியிலிருந்து இறங்கினேன்.

"ஏய், சார் எதிர்லயே…" என்றார் வெல்டர்.

"நீதான ரெண்டு வாரமாச் சொல்லிக்கினு கீற? வேல போன ஆளு, ஒரு மாதிரி முயிச்சிக்கினு கீறாரு, எப்ப இன்னா பண்ணுவாரோன்னு. கோயில்ல ஃபாதராண்ட கூடப் போய்க் கேட்டியே."

என் மனைவி சிரிக்க ஆரம்பித்தாள். கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, நாற்காலி ஆட. இருபத்தாறு வருடமாக நான் சொன்ன ஒரு ஜோக்குக்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை. ஓடிப்போகக்கூடிய ஆசாமி நான் என்பது அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. பேருந்துப் படியில் ஏறினாலே மூச்சு வாங்குகிறவன். ஆனால் பாலவாக்கத்தில் ஓர் ஓட்டு வீட்டில் இரண்டு வாரமாக ஒரு குடும்பம் என்னை நினைத்துத்தான் பயந்துகொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

"நானும் உங்களைப் பத்தி அதையேதான் கேட்டேன்" என்றேன் வெல்டரிடம்.

"தெரியும் சார். உங்க மூஞ்சிலயே எய்திக்கீது."

ஆடிட்டர் பேனாவை மூடினார். "ரெண்டு பேருக்கும் ஒரே பயம்னா எல்.எல்.பி.தான், லிமிடெட் லயபிலிட்டி பார்ட்னர்ஷிப். பார்ட்னர்ஷிப் மாதிரியே நடத்தலாம், ஆனா ஒருத்தர் பண்ற தப்புக்கு இன்னொருத்தர் வீடு போகாது. ரெண்டு கையெழுத்து இல்லாம கடன் வாங்கக் கூடாதுன்னு ஒப்பந்தத்துல எழுதிடலாம். யாரும் சொந்த ஜாமீன் மட்டும் போட்டுடாதீங்க. வருஷா வருஷம் கணக்கு தாக்கல் பண்ணணும், ஒரு படிகூட வாடகைக்குப் போகலைன்னாலும்."

அந்த அம்மாள் அதை மறுபடி ஒரு தரம் சொல்லச் சொன்னார். நான் மூன்று தரம் சொல்லச் சொன்னேன். கார்டு அடித்த பதினோராவது நாளில் என் மேனேஜிங் டைரக்டர் பதவி அப்படி முடிந்தது.

பிறகு ஆடிட்டர், பதிவு அலுவலகம் என்று ஒரு முகவரி வேண்டும், ஏதாவது ஒரு வீட்டின் கரண்ட் பில்லும் வீட்டுக்காரர் கையெழுத்தும் கொடுங்கள் என்றார். ஒரு வீட்டின். பூங்காக்காரர் என் காதுக்குள் மீண்டும் கை வீசி நடந்தார். நான் சட்டைப்பையைத் தடவினேன், அதில் கரண்ட் பில் இருக்காது என்று நன்றாகத் தெரிந்தும். "அட்ரஸ் குடுத்தா வீட்டுக்கு ஏதாவது…" என்று இழுத்தேன்.

"அட்ரஸ் குடுத்தா தபால் வரும் சார். அவ்வளவுதான்" என்றார் ஆடிட்டர்.

நான் நான்காவது தரம் கேட்க வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மாள் துணிப்பையிலிருந்து நான்காக மடித்த கரண்ட் பில்லை எடுத்து மேஜையில் வைத்து நீவிவிட்டார். மீன் வாசனை லேசாக வந்தது. "எங்க வூட்டு அட்ரஸே போடும்மா. அதான் வூட்டுக்கு ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லிட்டல்ல."

போர்டு இப்போது பாலவாக்கத்தில் தொங்குகிறது. உப்புக் காற்றில் ஆணி துருப்பிடித்துவிட்டது. இந்த நவராத்திரிக்கு முதல் படியை எங்கள் வீட்டில்தான் மாட்டினோம். பழைய கட்டிடம், கூடத்துத் தரை ஒரு பக்கம் தாழ்வு. ஒரு கால் ஆடியது. வெல்டர் முட்டி போட்டுப் பார்த்துவிட்டு, "கெட்டியா எதுனா அட்டை கீதா சார்?" என்றார்.

அலமாரியைத் திறந்தேன். ஏழு கார்டு போதுமானதாக இருந்தது. செட்டியார் நேராக உட்கார்ந்தார்.

"நல்ல அட்டை சார் இது" என்றார் வெல்டர். "இன்னும் எத்தினி கீது?"

"நானூத்தித் தொண்ணூத்தி ரெண்டு. ஒண்ணு ஆடிட்டர்கிட்ட இருக்கு."

"பதினேழு வூட்டுக்கும் வந்துரும்" என்று பாக்கியைப் பையில் போட்டுக்கொண்டார்.