ஸ்டம்பு இல்லாத கிரிக்கெட்

போன வாரம் என் மகன் லீவுக்கு வந்திருந்தான். லீவு என்றுதான் பெயர், லேப்டாப்பும் கூடவே வந்துவிட்டது. கூடத்தில் உட்கார்ந்து காலையிலிருந்து தட்டிக்கொண்டே இருந்தான். மத்தியானம் அவனுக்கு டீ கொண்டுபோய் வைத்தபோது ஒரு வாடை அடித்தது. சார்ஜர் சூடாகிப் பிளாஸ்டிக் லேசாக இளகுகிற வாடை. அவன் பதறிப்போய்ப் பிடுங்கினான். நான் அப்படியே நின்று இன்னும் கொஞ்சம் மோந்து பார்த்தேன். நல்ல வாசனைக்கு ஏங்குகிறவர்கள் உண்டு, எனக்கு வாய்த்தது இது.

எங்கள் வீடு பாபநாசத்துக்குப் பக்கத்தில். இந்த வாடை அங்கே முதன்முதலில் வந்தது அரபு நாட்டுத் தம்மாமிலிருந்து வந்த மாமுவின் பெட்டியோடு. அம்மாவின் தம்பி அவர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார். அவர் பெட்டியைத் திறந்தால் சோப்பும் அத்தரும் தைலமும் கலந்து தெருவே மணக்கும். அந்தத் தடவை துணிகளுக்கு அடியில் வீடியோ கேம் ஒன்று இருந்தது. டிவியில் மாட்டி விளையாடுகிற பெட்டி, மேலே சொருகுவதற்கு ஒரு மஞ்சள் கேசட், கையில் பிடித்து அமுக்க இரண்டு ரிமோட். அதற்குக் கரண்டு கொடுக்கிற அடாப்டர் அரை மணியில் தோசைக்கல் மாதிரி சுட்டுவிடும். அண்ணன் அதைத் தூக்கிக்கொண்டுபோய்த் தண்ணீர்ப் பானையின் மூடிமேல் குளிர வைத்தான். அதைப் பார்த்த அம்மா போட்ட சத்தம் இப்போதும் காதில் கேட்கிறது.

"ஏன்டா, கரண்டு தண்ணியில பாஞ்சா என்னாவும்? எல்லாரும் ஒண்ணா மையத்தாங்கொல்லைக்குப் போறதா?"

கேசட்டில் பல ஆட்டங்கள் இருந்தன. எழுத்தெல்லாம் ஜப்பானோ சீனமோ, யார் கண்டார்கள். அதில் ஒன்றில் ஓர் ஆள் கையில் மட்டையோடு நின்றான். அவ்வளவுதான், பையன்களுக்கு வேறு ஆட்டமே வேண்டியிருக்கவில்லை. எங்கள் ஊருக்கு கேபிள் வந்து பொழுதன்னைக்கும் கிரிக்கெட் ஓடிய காலம் அது. மட்டை இருந்தால் அது கிரிக்கெட். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

"பேட்டு ஒலக்க மாரி இருக்குடா" என்றான் அண்ணன்.

"ஸ்டம்ப வைக்க மறந்துட்டானுவ" என்றான் செந்தில். அரிசி ஆலைக்காரர் மகன். அண்ணனுடைய சிநேகிதன், ஆட்டத்தில் சாம்பியன், சட்டதிட்டங்களுக்கெல்லாம் அவன்தான் அதிபதி. மூன்று பந்தைத் தவறவிட்டால் ஆள் அவுட் ஆவதைப் பார்த்து, "ஜப்பான்ல அப்படித்தான்" என்று தீர்ப்புச் சொன்னான். அவன் அதுவரை தஞ்சாவூரைத் தாண்டியதில்லை. பந்து தள்ளித் தள்ளி நாலு தடவை போனால், அடிக்கிறவன் மட்டையைக் கீழே போட்டுவிட்டு மெதுவாக நடந்துபோவான். அதற்கும் செந்திலிடம் விளக்கம் இருந்தது.

"ஒழுங்கா பந்து போடலன்னு கோவிச்சுக்கிட்டுப் போறான்."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கல்யாணமாகிப் பிள்ளை பெறும்வரை நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அவர்கள் ஆடுவது இப்படித்தான்: பந்தை அடித்தால் ஆள் தானாகவே ஓடி ஒரு மூலையில் போய் நிற்பான். "ஒரு ரன்!" என்று கத்திவிட்டு, நாள்காட்டித் தாளின் பின்பக்கம் ஒரு கோடு போடுவார்கள். டிவியிலோ சைபர்தான் காட்டும். "மிஷினுக்கு எண்ணத் தெரியல" என்று மிஷினைத் திட்டுவார்கள். பந்து வேலியைத் தாண்டினால் மட்டும் மிஷினுக்குப் புத்தி வந்துவிடும். எத்தனையோ சாயங்காலம் இப்படியே நடந்தது.

நான் கூடத்து நிலைப்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே பார்ப்பேன். எனக்குப் பன்னிரண்டு வயது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை தரச்சொல்லிக் கேட்டால், "மாமு எனக்குத்தான் கொண்டாந்தாங்க" என்பான் அண்ணன். பொம்பளைப் பிள்ளை டிவி முன்னால் பையன்களோடு உட்காருவது அம்மாவுக்கும் பிடிக்காது. கையில் ரிமோட் இல்லாதவளுக்குக் கண் மட்டும்தானே வேலை? அந்தக் கண்ணுக்கு ஒரு நாள் பட்டது. ஓர் ஆள் மூலை மூலையாக ஓடி நாலாவது மூலைக்கு, அதாவது புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தால்தான் டிவியில் எண் ஏறுகிறது. நடுவில் பந்து முந்திக்கொண்டால் அவுட்.

பள்ளிக்கூடத்து வராந்தாத் தூண்களில் நாங்கள் பெண்பிள்ளைகள் தினமும் ஆடுகிற ஆட்டமாயிற்றே! நாலு மூலையில் நாலு பேர், தொட வருகிறவளுக்குத் தப்பி மூலை மாற வேண்டும்.

"அண்ணே, இது நாலுமூலைத் தாச்சிண்ணே."

"ஏ புள்ள, கீரைய ஆயி. கிரிக்கெட்டப் பத்தி ஒனக்கென்ன தெரியும்?"

"தெரியாதுதான். அதனாலதான் சொல்றேன், இது கிரிக்கெட்டே இல்ல."

செந்தில் சிரித்த சிரிப்பில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஊஞ்சலில் படுத்திருந்த மாமு எழுந்து உட்கார்ந்தார்.

"புள்ள சொல்றதயும் பாத்துருவமே. வெள்ளிக்கெழம பள்ளிக்கூடம் லீவுதான், ஜும்மா முடிஞ்சு வந்ததும் புள்ளயும் செந்திலும் ஆடட்டும். காகிதக் கோடெல்லாம் ஆவாது, மிஷினு சொல்றதுதான் தீர்ப்பு."

அம்மா அடுப்படியிலிருந்தே தன் பங்கைச் சேர்த்தார். "ஜெயிச்சா தெனம் ஒரு ஆட்டம் ஆடிக்க. தோத்தா அந்த ரிமோட்டு இருக்குற தெசைக்கே போவக் கூடாது, கேக்கவும் கூடாது. சம்மதமா?"

சம்மதம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. நான் அதுவரை ரிமோட்டைத் தொட்டதே இல்லையே!

அடுத்த மூன்று நாளும் அண்ணன் காலையில் டியூஷனுக்குப் போனதும் மாமு கேமை எடுத்து மாட்டிக் கொடுத்தார். எந்தப் பொத்தானை எந்தப் பக்கத்தோடு சேர்த்து அமுக்கினால் மூலையில் நிற்கிறவன் கிளம்புகிறான் என்று தட்டித் தட்டிப் பார்த்தேன். முதலிரண்டு நாளும் ஒருவனும் நகரவில்லை. மூன்றாம் நாள் ஒருத்தன் கிளம்பினான். ஓடினான் பாருங்கள், நான் "யா அல்லா" என்று கத்தியதில் பக்கத்து வீட்டு மாமி என்னவோ ஏதோவென்று ஓடிவந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை வந்தது. மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு அரைத் தெருவும் எங்கள் கூடத்தில். செந்தில் அடித்தான், அடித்துக்கொண்டே இருந்தான். அவன் ஆட்களோ மூலைகளில் பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி நின்றார்கள். காகிதத்தில் அவனுக்குப் பதினெட்டு கோடு. டிவியில் இரண்டே இரண்டு, அதுவும் வேலி தாண்டிய ஓர் அடியில் வந்தது. எனக்கு அவ்வளவு தூரம் அடிக்க வராது. கிட்டத்திலேயே தட்டிவிட்டு ஓடினேன். ஒரு மூலை, இன்னொரு மூலை. ஐந்தாம் சுற்றில் ஒன்று, ஏழில் இரண்டு. மூன்றாவது ஆள் வீடு வந்து சேர்ந்தபோது அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, கோபமா சந்தோஷமா என்று அவனுக்கே தெரியவில்லை.

கடைசிச் சுற்று. செந்திலுக்கு இரண்டு மூலையில் ஆட்கள். இன்னும் ஓர் அவுட் எடுத்தால் நான். ஒரு நல்ல அடி விழுந்தால் அவன். அந்த நேரம் பார்த்து வோல்டேஜ் இறங்கி டிவிப் படம் சுருங்கியது. "யாரும் மூச்சு விடாதீங்க" என்றார் மாமு, மூச்சு விட்டால் கரண்டு போய்விடும் என்கிற மாதிரி. செந்தில் அடித்தான். பந்து தரையோடு உருண்டு என் ஆளிடம் வந்தது. "கேட்ச் இல்ல, ஜெயிச்சாச்சு!" என்று செந்தில் குதித்தான். நான் பந்தை முதல் மூலைக்கு எறிந்தேன். அவன் ஆள் அங்கே போய்ச் சேருமுன் பந்து போய்விட்டது.

"அது எப்படி அவுட்டு? ஸ்டம்பே இல்லயே!"

மிஷின் மூன்றுக்கு இரண்டு என்று காட்டிவிட்டுப் பாட்டுப் பாடியது.

செந்தில் அழுதுவிடுவான் என்று நினைத்தேன். தன் ரிமோட்டை என் மடியில் வைத்தான். "எப்படி ஓட வைக்கிற? சொல்லிக் குடு." அண்ணன் முறைத்தான். "எனக்குத்தான் மொதல்ல சொல்லிக் குடுக்கணும், நான்தான் கூடப் பொறந்தவன்." அம்மா கீரைத் தட்டை எடுத்துக்கொண்டுபோய்த் தானே ஆய்ந்தார். எனக்கு அது கோப்பை வாங்கிய மாதிரி இருந்தது.

அதற்கப்புறம் எத்தனை கேம்! தஞ்சாவூரில் கம்ப்யூட்டர் கிளாஸ் போனபோது, சார் டீ குடிக்கப் போகிற பத்து நிமிஷத்தில் நாங்கள் திறந்தது கணக்குப் பாடமல்ல. கல்யாணமாகி ஷார்ஜா போன பிறகு எதிர் ஃபிளாட்டில் ஒரு பிலிப்பைன்ஸ்காரப் பெண் குடியிருந்தாள். அவள் வீட்டில் ஆடியபோதுதான் அந்த ஆட்டத்துக்குப் பேஸ்பால் என்று பெயர், நாலு பந்து தள்ளிப் போனால் ஆள் கோபித்துக்கொண்டு போகவில்லை, இலவசமாக மூலை கிடைத்துப் போகிறான் என்று தெரிந்தது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆனால் நாலு ஆட்டத்தில் மூன்று என் பக்கம். எந்த நாட்டில் கற்றுக்கொண்டாய் என்று கேட்டாள். பாபநாசம் என்றேன். மேப்பில் தேடச் சொன்னாள், நான் தேடவில்லை. தேடித்தான் தெரிய வேண்டுமா என்ன?

பிறகு மகன் வாங்கிய கேமில் ஆட்களுக்கு முகம் வந்தது, வியர்வை வந்தது, ஒருத்தன் எச்சில்கூடத் துப்பினான். அதிலும் ஜெயித்தேன்.

இப்போது எல்லாம் போனில். மகனிடம் கேட்டேன், "ஒரு ஆட்டம் தாயேன்."

"ஏம்மா கேக்குற? ஒன் போன்லயே போட்டுத் தர்றேன், எப்ப வேணா ஆடு."

போட்டுத் தந்தான். எதிரே ஆடுவது யார், எந்த ஊர், ஒன்றும் தெரியாது. ஐந்துக்கு ஒன்று என்று ஜெயித்தேன். போன் காகிதப் பூவெல்லாம் தூவியது. சந்தோஷத்தில் சட்டென்று பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். மகன் காதில் ஹெட்போன் மாட்டியிருந்தான். கூடத்தில் அத்தனை இடம் காலியாகக் கிடந்தது. "அடுத்து நான்" என்று கை நீட்ட ஒருவரும் இல்லை.