அன்பரசி உடைத்த வால்வுகள்

அன்பரசிக்கு அப்போது இருபத்தொன்பது வயது. புதுப்பட்டினத்தில் மூன்று வீடுகளில் வேலை செய்துகொண்டிருந்தாள். கணவன் துரை கட்டட வேலைக்குப் போகிறவன். ஒரே மகள் எஸ்தர், பிறவியிலேயே காது கேளாதவள். இவர்களுக்கு அது தெரியவே இரண்டரை வருடம் ஆயிற்று. ஒரு நாள் குக்கர் விசில் அடித்ததில் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை திடுக்கிட்டு அழுதது. அடுப்போரம் உட்கார்ந்திருந்த எஸ்தர் தலையைக்கூடத் திருப்பவில்லை.

இலவச மருத்துவ முகாமில் கொடுத்த காது மிஷினால் பயனில்லை. சென்னையில் பார்த்த டாக்டர், அறுவை செய்து உள்ளே ஒரு கருவி வைத்தால் கேட்க வாய்ப்பு உண்டு என்றார். ஆறேழு லட்சம் ஆகும் என்றார். "ஆனா ஆறு வயசுக்குள்ள பண்ணிடணும்மா. அதுக்கப்புறம் வச்சாலும் பேச்சு வர்றது கஷ்டம்."

வீட்டுக்குத் திரும்பிச் சட்டையைக் கழற்றியதும் துரை, "உட்ரு. நம்மளால ஆவாது" என்றான்.

அன்பரசியால் விட முடியவில்லை. காஞ்சிபுரம் கலெக்டர் ஆபீசுக்கு நான்கு திங்கட்கிழமை மனுவோடு போனாள். சர்ச்சில் ஃபாதர் இரண்டு கடிதம் எழுதிக் கொடுத்தார். எதற்கும் பதில் வரவில்லை. 2009 பிறந்தபோது எஸ்தருக்கு ஐந்து முடிந்திருந்தது. காலண்டரில் தாள் கிழிக்கும் வேலையை அன்பரசி துரையிடம் விட்டுவிட்டாள். அவளுக்கு அதைப் பார்க்கவே பயமாக இருந்தது.

அந்த மே மாதம் சீனு வந்தான். அதே தெருக்காரன், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன், அவளுக்குத் தம்பி முறை.

"அக்கா, நீ வேல செய்யற சார் வூட்டுல பழைய ரேடியோ கீதுல்ல? உள்ள கண்ணாடி வால்வு வச்சது?"

"கீது. இன்னாத்துக்கு?"

"அதுல செவப்பு மெர்க்குரி கீதாம். சவுதில என் மச்சான் நேர்ல பாத்துக்கீறான். ஒரு சொட்டு கோடி ரூபாயாம். அணுகுண்டு செய்யத் தேடிகினுகீறாங்க."

அணுபுரம் என்று பலகை மாட்டிய பஸ் தினமும் போகிற ஊரில் இதை நம்புவது அவளுக்குக் கஷ்டமாக இல்லை. சீனுவும் அவளை ஏமாற்றச் சொல்லவில்லை. அவனே நம்பினான். மாமல்லபுரத்து லாட்ஜ் ஒன்றில் வாங்குகிற பார்ட்டி தங்கியிருப்பதாகச் சொன்னான்.

சார் என்றது ஜானகிராமனை. பக்கத்து அணு ஆராய்ச்சி மையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி ஞானம்மாளோடு சொந்த வீட்டில் இருந்தார். ஹாலில் அவருடைய வால்வு ரேடியோ இருந்தது. திருகியவுடன் பாடாது, அரை நிமிடம் உள்ளே கண்ணாடி வால்வுகள் சூடாகி, செம்மஞ்சளாக ஒளிர்ந்த பிறகுதான் குரல் வரும். ஒன்று போனால் மாற்றுவதற்காக, பின்னறை அலமாரியில் ஒரு செருப்புப் பெட்டி நிறைய வால்வுகள் வாங்கி வைத்திருந்தார். கட்டைவிரல் அளவில் சில, அதைவிடப் பருத்தவை சில. அடியில் ஊசிக் கால்கள், உச்சியில் உட்புறமாகப் பாதரசம் பூசியது போல ஒரு பளபளப்பு. அந்தப் பளபளப்பைத்தான் அன்பரசி இத்தனை நாளும் தூசி தட்டும்போது பார்த்திருந்தாள்.

முதல் நாள் இரண்டு எடுத்தாள். முந்தானையில் முடிந்துகொண்டு வாசலைக் கடக்கும்போது ஞானம்மாள் கூப்பிட்டாள். நாளைக்கு மாவு அரைக்க வேண்டும் என்று சொல்லத்தான்.

லாட்ஜில் இருந்தவர்கள் மூன்று பேர். ஒருவன் பூண்டுப் பல்லை வால்வின் அருகே கொண்டுபோனான். உள்ளே இருப்பது சிவப்பு மெர்க்குரி என்றால் பூண்டைக் கண்டு விலகுமாம், முகம் பார்க்கும் கண்ணாடியில் அதன் பிம்பம் விழாதாம். வால்வு அந்தக் கண்ணாடியில் நன்றாகவே தெரிந்தது.

"இது வெள்ள. செவப்புதான் வேணும். வேற வகை கீதா பாரும்மா."

அவள் வேறு வகை கொண்டுவந்தாள். அதற்கும் அதே பதில். இப்படி இரண்டு வாரத்தில் பெட்டியில் இருந்த பதினொன்றில் எட்டு அவர்களிடம் போயிற்று. பிறகு லாட்ஜில் ஆள் இல்லை. சீனு போன் போட்டுப் பார்த்தான், எடுக்கவில்லை.

மிச்சம் மூன்றையும் அவள் தன் வீட்டிலேயே உடைத்துப் பார்ப்பதென்று முடிவு செய்தாள். கதவைச் சாத்தி, துணியில் சுற்றி, அம்மிக் குழவியால் தட்டினாள். டப் என்று சத்தம். பிரித்துப் பார்த்தால் உச்சியில் இருந்த பளபளப்பு பால் போல வெளுத்துவிட்டிருந்தது. மெல்லிய கம்பிகள், தகடு, கண்ணாடித் தூள். ஈரம்கூட இல்லை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை உடைக்கும்போது துணி விலகி, கண்ணாடி அறை முழுக்கச் சிதறியது.

பின்கட்டிலிருந்து எஸ்தர் ஓடி வந்தாள், அம்மா என்னவோ விளையாடுகிறாள் என்று சிரித்துக்கொண்டு.

"எஸ்தர், நில்லு. எஸ்தர்."

அன்பரசி தொண்டை கிழியக் கத்தினாள். குழந்தை அவள் முகத்தைப் பார்க்கவில்லை, தரையில் மின்னுவதைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஐந்தடி தூரம். அன்பரசி எழுந்து பாய்வதற்குள் கண்ணாடித் துண்டு பாதத்தில் ஏறிவிட்டது. நான்கு தையல் போட்டார்கள். துரை கேட்டதற்கும், மறுநாள் ஞானம்மாள் கேட்டதற்கும், சோடா பாட்டிலை மிதித்துவிட்டாள் என்று ஒரே பொய்யைச் சொன்னாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் சீனு புதிதாக ஒன்றைக் கேட்டு வந்தான். உதிரி வால்வில் இருக்காதாம், வருஷக்கணக்காக ஓடிய ரேடியோவுக்குள் இருப்பதில்தான் சிவப்பு ஊறுமாம். எஸ்தருக்கு ஆறு முடிய ஆறு மாதம்கூட இல்லை. சாரும் அம்மாவும் திருக்கழுக்குன்றம் கோயிலுக்குப் போன காலையில், அவள் ரேடியோவின் பின் அட்டையைக் கழற்றி ஐந்தையும் பிடுங்கினாள். அன்றே அவற்றையும் உடைத்தாள். எதிலும் ஒன்றுமில்லை.

சாயங்காலம் ஜானகிராமன் குமிழைத் திருகிவிட்டுக் காத்திருந்தார். பிறகு பின்பக்கம் பார்த்தார். பிறகு அலமாரியைத் திறந்தார்.

மறுநாள் அன்பரசி போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். எழுதிக்கொண்டிருந்த ஏட்டு பேனாவை வைத்தார். சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நெஜமாவே அதுல செவப்பு மெர்க்குரி கீதாம்மா? எங்க மாமனார் வூட்டுல ஒரு ரேடியோ கீது."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகைதான் வந்தது.

மத்தியானம் ஜானகிராமனும் ஞானம்மாளும் வந்தார்கள். அவர் வெளுத்துப்போயிருந்தார். "உள்ள ஒண்ணுமே கெடையாது, அன்பு. காத்தைக்கூட உறிஞ்சி எடுத்துட்டுத்தான் மூடறான். ஒண்ணுமில்லாததுக்கா இத்தனையும் ஒடச்சே?"

ஞானம்மாள் கேட்டாள்: "கொழந்தை கால்ல கட்டு போட்டிருந்தியே, அது இதனாலதானா?"

"ஆமாம்மா."

ஞானம்மாள் கணவரைப் பார்த்தாள். அவர் ஏட்டிடம் போய்ப் புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டார். வாசலில் செருப்பைப் போடும்போது ஞானம்மாள் சொன்னாள்: "நாளையிலேர்ந்து வர வேண்டாம். உன் மேல கோவமில்ல. ஆனா என்னால முடியாது." மற்ற இரண்டு வீடுகளிலும் அந்த வாரத்துக்குள் விஷயம் தெரிந்துவிட்டது.

மறு ஆண்டு, சில குழந்தைகளுக்கு அரசுச் செலவிலேயே அந்த அறுவையைச் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, எஸ்தரை இடுப்பில் தூக்கிக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் பிறப்புச் சான்றிதழைப் பார்த்தார்.

"ஆறரை ஆவுதேம்மா. ஆறுக்குள்ளதான்."

"அஞ்சுன்னு எழுதிக்கோங்க சார். கால்ல வுழறேன்."

"என் கையில இல்லம்மா," என்று அவர் சான்றிதழைத் திருப்பிக் கொடுத்தார். அவர் கை அதை நீட்டியபடியே ரொம்ப நேரம் இருந்தது. அவள் வாங்கவில்லை. கடைசியில் எஸ்தர்தான் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

அந்த ஜூனில் செங்கல்பட்டில் காது கேளாதோர் பள்ளி ஒன்றில், விடுதியோடு சேர்த்தார்கள். ஒரு மாதம் கழித்து அன்பரசி பார்க்கப் போனபோது எஸ்தர் வேகமாகக் கைகளை அசைத்து என்னவோ சொன்னாள். அன்பரசிக்குப் புரியவில்லை. குழந்தை மறுபடி சொன்னாள். மூன்றாம் முறை கோபமாகச் சொன்னாள். பிறகு, இவளுக்குத் தெரியாது என்பது போலப் பார்த்துவிட்டு, மரத்தடியில் கைகளாலேயே சண்டை போட்டுக்கொண்டிருந்த பெண்களிடம் ஓடிப்போனாள்.

அன்பரசி வராந்தாவில் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்த டீச்சரிடம் போனாள்.

"டீச்சர், எம் பொண்ணு இப்ப இன்னா சொன்னா?"

"நான் பாக்கலையேம்மா."

"எனக்கும் அத்தக் கத்துக் குடுப்பீங்களா?"

"சனிக்கிழமை பதினொரு மணிக்கு வாங்க. ரெண்டு அம்மாங்க வர்றாங்க," என்றாள் டீச்சர்.