இரண்டாவது முறை கேட்ட கேள்வி

அந்தச் சிறுமிக்கு அப்போது ஆறு வயது. காஞ்சிபுரத்தில் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். எனக்கு இருபத்துநான்கு. பக்கத்தில் ஏனாத்தூரில் உள்ள பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. குழந்தைகளின் சிந்தனை எந்த வயதில் எப்படி வளர்கிறது, அதற்கேற்ப ஒன்றாம் வகுப்புக் கணக்கை எப்படிக் கற்பிக்கலாம் என்பது என் தலைப்பு. இரண்டு கண்ணாடி டம்ளர், உயரமான ஒல்லி டம்ளர் ஒன்று, சட்டைப் பொத்தான்கள், களிமண் உருண்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு டவுன் பஸ்ஸில் பள்ளி பள்ளியாகப் போவேன்.

அந்தப் பள்ளியில் எனக்குக் கொடுத்த இடம் சத்துணவு அரிசி மூட்டைகள் அடுக்கியிருந்த அறை. ஒவ்வொரு குழந்தையாக உள்ளே வரும். இரண்டு டம்ளரிலும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றிக் காட்டுவேன். குழந்தை சமம் என்று ஒப்புக்கொண்டதும், ஒன்றில் உள்ளதை ஒல்லி டம்ளரில் ஊற்றுவேன். தண்ணீர் மட்டம் மேலே ஏறும். இப்போது எதில் அதிகம் என்று கேட்பேன். சின்னக் குழந்தைகள் உயரமாகத் தெரிவதைக் காட்டும். கொஞ்சம் வளர்ந்தவர்கள் இரண்டும் ஒன்றுதான் என்று சொல்வார்கள். பதிலை உறுதிப்படுத்திக்கொள்ள அதே கேள்வியை இன்னொரு முறை கேட்க வேண்டும், கடைசியாகச் சொல்வதைத்தான் குறிக்க வேண்டும் என்று படிவத்தில் போட்டிருந்தது.

அவள் மூக்கில் சளியோடு, எண்ணெய் வழிய இரட்டைப் பின்னல் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். நான் தண்ணீரை ஊற்றிவிட்டுக் கேட்டேன்.

"ரெண்டும் ஒண்ணுதான் மிஸ்" என்றாள் உடனே.

"நல்லா பாத்து சொல்லு. எதுல ஜாஸ்தி இருக்குது?"

அவள் டம்ளரைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துவிட்டு, ஒல்லி டம்ளரைத் தொட்டு, "இதுல" என்றாள்.

பொத்தான்களை இரண்டு வரிசையாக வைத்து, ஒன்றை மட்டும் பரப்பிவிட்டுக் கேட்டபோதும் அப்படித்தான். களிமண் உருண்டையைத் தட்டையாக்கிக் கேட்டபோதும் அப்படித்தான். மூன்றிலும் முதலில் சரி, இரண்டாவது முறை தவறு. மூன்றிலும் பூஜ்யம் போட்டேன். முதலில் சொன்ன பதிலை எழுதப் படிவத்தில் இடம் இருக்கவில்லை. எழுத வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

பள்ளி விட்டதும் அவளை அழைத்துப்போக அவள் அம்மா வந்தார். அன்றைக்குச் சோதனைக்கு வந்த குழந்தைகளின் தாய்மாரில் என்னைத் தேடி வந்தவர் அவர் ஒருவர்தான்.

"எம்பொண்ணு எப்படி பண்ணா மிஸ்?"

முடிவுகளைப் பெற்றோரிடம் சொல்லக் கூடாது என்பது விதி. எனக்குத் தெரியும். ஆனால் என்னைவிடப் பத்து வயது மூத்த ஒரு பெண் கைகட்டி நின்று என்னிடம் கேட்கிறார். படித்தவளாகத் தெரிய வேண்டும் என்ற ஆசை எனக்கு.

"கொஞ்சம் மெதுவாதான் இருக்காம்மா. வயசுக்கேத்த யோசனை இன்னும் வரல. ரொம்ப அழுத்தம் குடுக்காதீங்க" என்றேன்.

அவர் தலையாட்டினார். மகளின் தலையில் கை வைத்தார். பக்கத்தில் நோட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த வகுப்பு டீச்சரும் நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவுதான். நான் பையை எடுத்துக்கொண்டு பஸ் பிடித்தேன்.

ஆராய்ச்சி முடிந்தது. பட்டம் வாங்கினேன். ஆசிரியர் பயிற்சி மாணவர்களுக்குப் பாடம் எடுக்கும் வேலையும் கிடைத்தது. திருமணம் ஆகி ஒரு மகள் பிறந்தாள். அவளுக்கும் ஆறு வயது ஆன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மறுநாள் வகுப்பில் செய்து காட்டுவதற்காக வீட்டில் அதே தண்ணீர்ச் சோதனையைச் செய்துபார்த்தேன். என் மகள் சரியாகச் சொன்னாள். பழக்கத்தில் மறுபடியும் கேட்டேன். அவள் பதிலை மாற்றினாள்.

"இப்பதான ஒண்ணுதான்னு சொன்ன?"

"நீதான் திரும்பக் கேட்ட. நான் தப்பா சொன்னாதான நீ திரும்பக் கேப்ப?"

டம்ளர்களைக் கழுவி வைத்தேன். பெரியவர்கள் ஒரே கேள்வியை மறுபடி கேட்டால், முதலில் சொன்னது தவறு என்று குழந்தைகள் எடுத்துக்கொள்வார்கள் என்பதை நான் எப்போதோ படித்திருந்தேன். தேர்வுக்குப் படித்ததுபோலப் படித்திருந்தேன். என் முகத்தைப் பார்த்த அந்தச் சிறுமியின் முகம் அன்றைக்குத்தான் திரும்பி வந்தது.

பழைய படிவங்கள் பரண்மேல் இருந்தன, ஆனால் அவற்றில் கடைசிப் பதில் மட்டும்தான் இருந்தது. மொத்தம் எத்தனை குழந்தைகளை அப்படி மாற்றிச் சொல்ல வைத்தேன் என்பதைக் கண்டுபிடிக்க வழியில்லை. என் வழிகாட்டிப் பேராசிரியருக்கு போன் செய்து சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "முடிஞ்சு போனதும்மா. ஒரு குழந்தையால சராசரி மாறிடாது" என்றார். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார்.

அந்தப் பள்ளியில் விசாரித்து, இரண்டு வாரம் கழித்து அந்தச் சிறுமியின் வீட்டுக்குப் போனேன். நெசவுக்காரர்கள் தெரு. உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது. அவள் அம்மா வாசல் பக்கம் உட்கார்ந்து தறிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

"தண்ணி டம்ளர் வெச்சி டெஸ்ட் பண்ண மிஸ்ஸுதான நீங்க? உள்ள வாங்க."

காபி கொடுத்தார். நான் வாய் திறப்பதற்குள் அவரே பேசினார். "நீங்க அன்னிக்கே சொன்னது நல்லதாப் போச்சு மிஸ். டீச்சரும் மெல்லக் கற்கும் புள்ளைங்களோட அவளத் தனியா உக்கார வெச்சாங்க. நாங்களும் படி படின்னு தொந்தரவு பண்ணல. டியூஷன் எல்லாம் தம்பிக்குத்தான் வெச்சோம். பத்தாவதுல கணக்கு போயிடுச்சி. சரி, வராததுக்கு என்னா பண்றதுன்னு விட்டுட்டோம். ஒரு நாள்கூட அவள நான் திட்டினதில்ல."

நான் காபி டம்ளரைக் கீழே வைத்தேன்.

அவள் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். மதியம் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினாள். பத்தொன்பது வயது. கழுத்தில் அடையாள அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு என்னை ஞாபகம் இல்லை. அம்மா கடைக்குப் போன நேரத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சரியாகத்தான் சொன்னாள் என்றும், மறுபடி கேட்டுக் குழப்பியது நான் என்றும், மெதுவான பிள்ளை என்று நான் சொன்னது தவறு என்றும் சொன்னேன்.

அவள் அட்டையின் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"கம்பெனில புது மெஷின் வந்தா லைன்ல எனக்குத்தான் மொதல்ல சொல்லித் தருவாங்க மிஸ். சீக்கிரம் புடிச்சிக்கிறேன்னு சூப்பர்வைசர் சொல்வாரு. நான் சும்மா சொல்றாருன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

"கணக்கு மட்டும்தானே பாக்கி. திரும்ப எழுதலாம். நான் வந்து சொல்லித் தரேன்" என்றேன்.

"பாக்கலாம் மிஸ்." பிறகு வாசலைப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "அம்மாகிட்ட மட்டும் இத சொல்லாதீங்க. எனக்கு வராதுன்னு நெனச்சிதான் அம்மா என்னய அவ்ளோ ஆசையா பாத்துக்கினு இருந்துது. இப்ப வந்து அது பொய்னு சொன்னா தாங்காது."

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். என் நம்பரையும் கொடுத்தேன். அவள் கூப்பிடவில்லை. நான் இரண்டு முறை கூப்பிட்டேன். ஓவர்டைம் இருக்கிறது, அடுத்த மாதம் பார்க்கலாம் என்றாள். மூன்றாவது முறை கூப்பிட எனக்குத் துணிவு வரவில்லை. அவளுக்காகக் கூப்பிடுகிறேனா, எனக்காகவா என்று தெரியவில்லை.

போன தை மாதம் அவள் அம்மா என் வீட்டு விலாசத்தை விசாரித்துக்கொண்டு கல்யாணப் பத்திரிகையோடு வந்தார். தட்டில் வெற்றிலை, பூ, மேலே பத்திரிகை. மாப்பிள்ளை மாகறல் பக்கம். நல்ல குடும்பம் என்றார். என் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கன்னத்தைத் தடவினார்.

"மாப்ள வீட்டுல பொண்ணு என்னா படிச்சிருக்குதுன்னு கேட்டாங்க மிஸ். நாங்க எதையும் மறைக்கல. சின்ன வயசுலயே ஒரு மிஸ் டெஸ்ட் பண்ணி பாத்து சொன்னாங்க, இவ கொஞ்சம் மெதுவு, நீங்கதான் பொறுத்துப் போவணும்னு சொல்லிட்டோம். அவங்களும் பெரிய மனசோட சரின்னுட்டாங்க."

சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவர் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்தேன். அந்தப் பெண்ணுக்குக் கொடுத்த வாக்கும் இருந்தது. "கண்டிப்பா வரேம்மா" என்று மட்டும் சொன்னேன்.

கல்யாணத்துக்குப் போனேன். மேடையில் அவள் மாமியார் அவளிடம் எதையோ விளக்கிக்கொண்டிருந்தார், ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்தி, குழந்தைக்குச் சொல்வதுபோல. அவள் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.