ஓடுகிற தண்ணீர் ஆலையைத் தேடி யான்பு வரை

துபாய் ஜெபல் அலியில் ஏசி அறையில் உட்கார்ந்தபடியே உலகத் தொழிற்சாலைகளையெல்லாம் ஆட்டிவைத்துக்கொண்டிருந்த என்னைப் போன மாதம் சவூதியின் யான்பு அழைத்தது. அங்கே கடல்நீரைக் குடிநீராக்கும் சிறு ஆலையில் புது பம்பு ஒன்று வைத்திருந்தார்கள். அதற்கான கட்டளைகளை ஆலையை ஓட்டும் கண்ட்ரோலரில் சேர்க்க வேண்டும். ஆலை ஒரு நொடிகூட நிற்கக் கூடாது. தூங்குகிறவனை எழுப்பாமல் சட்டை மாற்றிவிடுகிற வேலை. அதற்கு என்னை விட்டால் ஆசியாவில் ஆளில்லை என்று நான் பரப்பிவைத்த வதந்தியை யாரோ நம்பிவிட்டார்கள்.

துபாயிலிருந்து ஜெத்தா விமானத்தில் மூன்று மணி நேரம். அங்கிருந்து யான்பு சுமார் 330 கிலோமீட்டர். தனிக் காருக்கு 450 ரியால் கொடுத்தேன். "கித்னா தூர், பாய்?" என்று தூரம் கேட்டதற்கு பெஷாவர்க்கார டிரைவர், "பஸ், தோடா!" என்றார். அந்தக் 'கொஞ்சம்' மூன்றரை மணி நேரம் நீண்டது. போகும்போது இடப்பக்கம் உட்காருங்கள், செங்கடல் தெரியும். அது நீலம்தான், ஏமாறாதீர்கள்.

ஆலைப் பொறியாளர் நிர்மலா, திருச்சிக்காரர், குடும்பத்தோடு யான்புவில் இருப்பவர். ஷிப்ட் ஆபரேட்டர் முத்துப்பாண்டி ராமநாதபுரம். பிறந்து ஏழு மாதமான மகளை முதன்முதலாகப் பார்க்க அன்றிரவு ஜெத்தாவில் அவருக்கு விமானம்.

"பிளாண்ட் நின்னா தண்ணி மறுபடி சரியாக நாளைக்குக் காலைல ஆயிடும் சார். டூட்டில இருக்கற ஆள் அதுவரைக்கும் நகரக் கூடாது, இங்க ரூல் அப்படி" என்றார் நிர்மலா.

"பொட்டியக் கட்டி கேட்ல வச்சுட்டேண்ணே. நிப்பாட்டிற மாட்டீகள்ல?"

"தம்பி, நான் கை வச்சா நின்ன கடிகாரமே ஓடும்!"

கண்ட்ரோலருக்கு என் பெருமை தெரியவில்லை. ஆபீசில் எழுதிய மொத்தத்தையும் ஒரே மூச்சில் ஏற்றினேன். மெமரி போதாது என்று மறுத்துவிட்டது. ஓடும்போது திருத்தினால், புதியதை நாம் உறுதி செய்யும்வரை பழையதையும் அது பிடித்துவைத்திருக்கும். இரண்டுக்கும் இடம் வேண்டும். கேம்ப் ரூமில் புது ஆள் பெட்டியோடு வந்து நிற்க, பழைய ஆள் இன்னும் கட்டிலைக் காலி செய்யாத கதைதான்.

இடம் எங்கே போனது? வந்த கான்ட்ராக்டர்கள் எல்லாம் எழுதினார்களே தவிர, எதற்கு வம்பு என்று ஒருவரும் அழிக்கவில்லை. எப்போதோ கழற்றி எறிந்த பம்பின் கட்டளைகள் ராஜபோகமாகக் குடியிருந்தன. முழு நகல் எடுத்துவைத்தேன். நிர்மலா ஆலையைச் சுற்றி வந்து, வரைபடத்தோடும் ஒத்துப்பார்த்தார். "இது எங்கயுமே கனெக்ட் ஆகல சார். எடுத்துடலாம்." ஒவ்வொரு வரியாக அழித்தேன். பிறகு என் வேலையையும் துண்டு துண்டாக நறுக்கி, ஒன்றை உறுதி செய்த பிறகே அடுத்ததை ஏற்றினேன். முத்துப்பாண்டி என் முதுகுக்குப் பின்னால் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசித் துண்டு நுழைய மறுத்தது. அதிலிருந்தவை நான் எழுதிய அலாரச் செய்திகள். நிர்மலா திரையில் எட்டிப்பார்த்துத் தமிழாக்கினார்: "'மதிப்பிற்குரிய ஆபரேட்டருக்கு, தொட்டியின் நீர்மட்டம் கவலைக்கிடமாகத் தாழ்ந்துவிட்டதை ஆழ்ந்த வருத்தத்துடன்...' சார், இது அலாரமா, இரங்கல் கூட்டமா?"

"இத நான் படிச்சு முடிக்கறதுக்குள்ள தொட்டியே காலியாயிரும்ணே!"

நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு என் காவியங்களை 'தொட்டி குறைவு' அளவுக்கு வெட்டினேன். நுழைந்தது. புது பம்பு முனகிச் சுழன்றது. ஓடிக்கொண்டிருந்தவை எதுவும் அசரவில்லை. "கலாஸ், முடிஞ்சிருச்சு!" என்று முத்துப்பாண்டி என்னைத் தூக்கிவிட்டார். என் எடை இரண்டு ஒட்டகம் என்பதை நினைவில் கொள்க.

இதே வேலைக்குப் போகிறவர்களுக்கு: புறப்படும் முன்பே மெமரியில் எவ்வளவு மிச்சம் என்று கேளுங்கள். நகல் எடுக்காமல் தொடாதீர்கள். ஆலைக்காரர் பக்கத்தில் இல்லாமல் எதையும் அழிக்காதீர்கள். சிறிது சிறிதாக ஏற்றுங்கள். எது செத்த கட்டளை, எது உயிருள்ளது என்று பொறுமையாகப் பார்த்தால், நிரம்பி வழிகிற இடத்திலும் ஒரு பம்புக்கு இடம் கிடைக்கிறது.

திரும்பும்போது முத்துப்பாண்டியும் என் காரில் வந்தார். வழியில் ராபிக் பக்கம் பெட்ரோல் பங்கில் ஏலக்காய் மணக்கும் கரக் டீ, இரண்டு ரியால், அவசியம் குடியுங்கள். மறுநாள் அவரிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். பின்னணியில் ஒரு குழந்தை அழுது ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தது.

"என் மீசையப் பாத்து ஆரம்பிச்சாண்ணே. இன்னும் நிப்பாட்டல!"