எதிர்க்கட்சி வகுப்பு

என் மனைவி எந்தக் கட்சி என்று என்னிடம் கேட்காதீர்கள். கூடவே குடித்தனம் நடத்துகிற எனக்கே தெரியாது. அவள் பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் டீச்சர். நானோ ஊரறிந்த கட்சிக்காரன். வாயைத் திறந்தால் லேசில் மூடமாட்டேன்.

வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பில் பிள்ளைகளை அரசியல் பேசவைப்பாள். ஒரே நிபந்தனைதான்: வீட்டில் எந்தக் கட்சியோ, அதற்கு எதிர்க்கட்சிக்காகப் பேசவேண்டும். அந்த வகுப்பென்றால் அவளுக்கு உயிர்.

அதற்கு உலை வைத்தது என் ஸ்கூட்டர். முன்னால் கட்சிக்கொடி படபடக்க, தினமும் அவளைப் பள்ளி வாசலில் இறக்கிவிடுவேன். வெல்டிங் பட்டறைக்காரர் அதைக் கவனித்திருக்கிறார். எங்களுக்கு நேர் எதிர்க்கட்சி அவர். அவருடைய மகள் என் மனைவியிடம்தான் படிக்கிறாள்; அந்த வகுப்புக்காக வீட்டிலேயே எங்கள் கட்சியைப் புகழ்ந்து பேசிப் பழகினாளாம். சும்மா இருப்பாரா மனுஷன்? டீச்சர் புருஷன் கட்சிக்கு ஆள் பிடிக்கிறாள் என்று தலைமையாசிரியரிடம் போய் நின்றுவிட்டார்.

அன்று அவள் சாப்பிடவே இல்லை. எனக்கு நெஞ்சே ஆறவில்லை.

"கொடியக் கழட்டிடறேன்," என்றேன்.

"வேணாங்க. அது உங்க கொடி. இந்த வெள்ளிக்கிழமை வகுப்பப் பாத்துட்டுத்தான் நிறுத்தறதா வேணாமான்னு ஹெச்.எம். முடிவு பண்ணுவாராம். நீங்க வாங்க. பட்டறைக்காரரையும் கூப்பிட்டிருக்கேன்."

"நான் வந்து என்ன பண்ண?"

"பிள்ளைங்க பண்றதத்தான்."

அதற்கு என்னை நாலு அறை அறைந்திருக்கலாம். எதிர்க்கட்சியைத் திட்டியே வளர்ந்த நாக்கு இது. இருந்தாலும் அவள் முகத்துக்காகப் போய் நின்றேன். அவர்கள் ஆட்சியில்தான் எங்கள் தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் வந்தது என்றேன். அதற்கு மேல் ஓடவில்லை. வேர்த்துக் கொட்டியது. முன் பெஞ்சிலிருந்து பட்டறைக்காரர் மகள், "பஸ் பாஸ், அங்கிள்," என்று மெதுவாக எடுத்துக் கொடுத்தாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டுப் பேசி முடித்தேன்.

அடுத்து பட்டறைக்காரர் எழுந்தார். கைகட்டியபடி தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குப் பேச வராது சார். என் பட்டறை தீப்பிடிச்சப்ப, வாளியோட மொதல்ல ஓடி வந்தது இவங்க கட்சிப் பசங்கதான். இத நான் எங்கயும் சொன்னதில்ல. வீட்ல கூட."

அவர் மகள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் மனைவி திரும்பி நின்று, ஒன்றுமே எழுதாத கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்த வெள்ளிக்கிழமை என்ன தலைப்பு, டீச்சர்?" என்றார் தலைமையாசிரியர்.

அவள் டஸ்டரை வைத்துவிட்டுச் சாக்பீஸை எடுத்தாள்.