மூன்றாவது நோடு படுத்திருந்த நாள்

பிரிக்பீல்ட்ஸில் ஒரு பழைய கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் பதினோரு ஆண்டுகள் சர்வர்களைப் பார்த்துக்கொண்டவள் மலர்விழி. தினமும் காப்பாரிலுள்ள வீட்டிலிருந்து கிள்ளான் வரை கார், பிறகு கொமுட்டர் ரயில். கண்டெய்னர் லோரிகளுக்குத் துறைமுக நுழைவைப் பதிவு செய்து கொடுக்கும் நிறுவனம் அது. பன்னிரண்டு சர்வர்கள் ஒன்றாகச் சேர்ந்து அந்த வேலையைச் செய்தன. அந்தக் கூட்டத்துக்கு கிளஸ்டர் என்று பெயர். அதிலுள்ள ஒவ்வொரு சர்வரும் ஒரு நோடு.

முதல் மூன்று நோடுகள்தான் மற்றவற்றுக்குக் கட்டளையிடும். மூன்றில் குறைந்தது இரண்டு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஒன்று மட்டும் மிஞ்சினால் அது தனியாக எதையும் முடிவு செய்யாது, எல்லாம் நின்றுவிடும். அதனால் ஒன்றைப் பழுதுபார்க்க நிறுத்தும்போது மலர்விழி வாட்சாப் குழுவில் எழுதுவாள். சர்வரின் முகப்பில் சிவப்பு ரிப்பனும் கட்டுவாள்.

"இன்னும் குங்குமம் வைக்கிறதுதான் பாக்கி," என்று பக்கத்து மேசை முகுந்தன் கிண்டல் செய்வார்.

முகுந்தன் அவளைவிட எட்டு வயது மூத்தவர். வேலையில் சேர்ந்த முதல் வாரம் அவள் அழுதபோது கீழே கடைக்கு அழைத்துப்போய், நுரைக்க ஆற்றிய தே தாரேக் தேநீர் வாங்கிக் கொடுத்தவர். மலர்விழிக்கு அண்ணன் தம்பி கிடையாது. அவள் மகள் தாமரைக்குக் காது குத்தியபோது தாய்மாமனாக மடியில் உட்காரவைத்துக்கொண்டது அவர்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் விடுப்பில் இருந்தாள். அம்மா இராஜம்மாவுக்குக் கிள்ளானில் கண் அறுவை. முந்தின மாலையே மூன்றாவது நோடை நிறுத்தி, ரிப்பன் கட்டி, மற்ற இரண்டையும் தொட வேண்டாமென்று குழுவில் எழுதியிருந்தாள். காலை பத்து மணிக்கு முகுந்தனின் செய்தி வந்தது. 'மலரு, என் லாகின் லாக் ஆயிருச்சு. உன் பாஸ்வேர்ட் கொடு லா. பழைய ஃபைல் கொஞ்சம் அழிக்கணும்.' அம்மாவை உள்ளே அழைத்துக்கொண்டிருந்தார்கள். மலர்விழி யோசிக்காமல் அனுப்பினாள்.

அரைமணி நேரத்தில் கிளஸ்டர் முழுவதும் நின்றது. நான்கு மணி நேரம் லோரிகள் சாலையில் வரிசையாகக் கிடந்தன.

மறுநாள் மேலாளர் கனகேஸ்வரி அவளை அறைக்குள் கூப்பிட்டார்.

"ரெண்டாவது நோடை ரீஸ்டார்ட் பண்ணியிருக்கீங்க. உங்க பேர்ல இருக்கு."

"நான் ஆஸ்பத்திரியில இருந்தேன், மேடம்."

"லேப்டாப் இருந்தா எங்கேருந்தும் செய்யலாம். எல்லாரும் ஒரே வழியாதானே உள்ள போறீங்க, எந்த மெஷின்னு பதிவுல தெரியாது." கனகேஸ்வரி குரலைத் தணித்தார். "கவனக்குறைவுன்னு எழுதிக் கொடுங்க. ஒரு வார்னிங் லெட்டரோட முடிச்சிடுறேன். பாஸ்வேர்டை யாருக்காவது கொடுத்திருந்தா மட்டும் என்னால ஒண்ணும் செய்ய முடியாது. அது நேரா டெர்மினேஷன்."

வெளியே வந்து கைப்பேசியைத் திறந்தாள். முகுந்தன் கேட்ட செய்தி அழிக்கப்பட்டிருந்தது. கீழே அவளுடைய பாஸ்வேர்ட் மட்டும், யாரும் கேட்காமல் அவளே அள்ளிக் கொடுத்ததுபோல் கிடந்தது.

படிக்கட்டில் அவரைப் பிடித்தாள். "மெசேஜை ஏண்ணே அழிச்சீங்க?"

"மெதுவா பேசு, மா. எனக்கு ஏற்கனவே ரெண்டு லெட்டர் இருக்கு. மூணாவது வந்தா வீட்டுக்குத்தான். உனக்கு ஒண்ணுகூட இல்ல. ஒரு லெட்டர் வந்தா என்ன ஆயிடும்?"

"ரெண்டாவது நோடை ஏன் தொட்டீங்க? குரூப்ல எழுதியிருந்தேனே."

"ஃபைல் அழிச்சதும் ரீஸ்டார்ட் பண்ணேன். நீ குட் மார்னிங்லேருந்து எல்லாம் எழுதுற. எதைன்னு படிக்கிறது?"

"லாகின் லாக் ஆயிருச்சுன்னீங்க."

முகுந்தன் கைப்பிடியைத் தேய்த்தார். "லாக் ஆகல. ஏதாவது ஆச்சுன்னா என் பேர் வரக் கூடாதுன்னுதான்."

தெரியாமல் செய்துவிட்டார், தானே வந்து சொல்லிவிடுவார் என்று நேற்றெல்லாம் காத்திருந்தாள். ஒரு நோடை நிறுத்துமுன் அதன் சுமையை இன்னொன்றில் ஏற்றுவது அவர்களுடைய அன்றாட வேலை. எது தாங்கும் என்று பார்த்துத்தான் ஏற்றுவார்கள். தன்னையும் அவர் அப்படிப் பார்த்து வைத்திருந்தார் என்பது இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

மாலையில் அவள் நடந்ததை அப்படியே எழுதிக் கொடுத்த தாளைக் கனகேஸ்வரி இருமுறை படித்தார். "இதைக் கொடுத்தா உங்க வேலை போயிடும்."

"தெரியும், மேடம். பாஸ்வேர்ட் கொடுத்தது நான். அதுக்கு அனுப்புங்க. ரெண்டாவது நோடை நான் தொடல. தொட்டேன்னு எழுத முடியாது."

முகுந்தனை உள்ளே அழைத்தார்கள். "அதுவாதான் அனுப்பிச்சு, மேடம்," என்றார் அவர், குளிரூட்டியைப் பார்த்தபடி. "நான் கேக்கவே இல்ல. யூஸ் பண்ணவும் இல்ல." தன்னை 'அது' என்று அவர் சொன்னதை மலர்விழி கேட்டுக்கொண்டு நின்றாள்.

வெள்ளிக்கிழமை வேலைநீக்கக் கடிதம் வந்தது. அவளுக்கு மட்டும். அவர்மீது ஆதாரம் இல்லை.

மூன்றாவது நோடு இன்னும் எழவில்லை. அதை எழுப்பும் முறையை முகுந்தனுக்குக் காட்டிவிட்டுப் போகச் சொன்னார்கள். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் கைப்பையோடு பின்னால் நின்றாள்.

"எங்கேருந்து ஆரம்பிக்கிறது, மலரு?"

"முதல்ல உங்க பேர்ல உள்ள போங்க, மிஸ்டர் முகுந்தன்."

அவர் தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார்.